செய்திப்படமும் பிள்ளையின் அழுகையும்

யுத்த காலத்தில் திருகோணமலையில் படம் பார்க்கப் போகிறவர்கள் வேர்த்துக் குளிக்க ஆயத்தமாய்ப் போக வேண்டும். இரவில் வெளிச்சம் காட்டக் கூடாது என்ற இருட்டடிப்புச் சட்டம் வந்த பிறகு இரவுக் காட்சி கிடையாது. பழைய புகையிலைக் கிட்டங்கி ஒன்றைப் படக் கொட்டகை ஆக்கியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரம், தகரக் கூரையில் வெயில் காய்கிற நேரத்தில், சுவரிலிருந்த ஓட்டை ஒடிசலையெல்லாம் சாக்கால் அடைத்துவிட்டுப் படம் ஓட்டுவார்கள். உள்ளே புகையிலைக் காரம் முழுதாய்ப் போயிருக்கவில்லை. கதாநாயகி அழும்போது சனமெல்லாம் அழுதது என்று வெளியில் வந்து பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். அதில் பாதி அழுகை புகையிலை தந்தது.

ஆண்கள் வலது பக்கம், பெண்கள் இடது பக்கம். நடுவில் ஒரு படங்குத் துணியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். திரைக்குப் பக்கத்தில் ஒரு சவர்க்காரப் பெட்டியைக் கவிழ்த்து, அதன் மேல் ஏறி நின்று, கையில் ஒரு நீளத் தடியுடன் கதை சொல்லுகிறவர் என் வீட்டுக்காரர்.

பெரிய படம் இந்தியாவிலிருந்து வந்த தமிழ்ப் பேசும்படம். அதற்கு யாரும் விளக்கம் சொல்லத் தேவையில்லை. ஆனால் அதற்கு முன்னால் இங்கிலிஷ் செய்திப்படம் ஒன்று கட்டாயம் ஓட வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. அதில் பேசுகிற வெள்ளைக்காரர் யாரோ துரத்துகிற மாதிரிப் பேசுவார். மீன்பிடிகாரர்களுக்கும் கடற்படைத் துறைமுகமான டொக்யாட்டில் வேலை செய்கிற கூலிகளுக்கும் அது என்ன விளங்கும்? சத்தத்தைக் குறைத்துவிட்டுத் தமிழில் சொல்ல ஒரு ஆள் வேண்டும் என்று கொட்டகை முதலாளி தேடியபோது, டொக்யாட்டில் கிளாக்கராக இருந்த இவர் தானாகவே போய் நின்றார். நான் வேண்டாம் என்றுதான் சொன்னேன். என் பேச்சை எப்போது கேட்டார்?

அவர் பேச்சைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். அந்த நாளில் செங்கொடிக்காரரின் கட்சியை அரசாங்கம் தடை செய்திருந்தது. இவர் கட்சியில் சேர்ந்தவர் இல்லை. ஆனால் அவர்களுடைய கதை முழுக்கத் தலைக்குள் ஏறியிருந்தது. உலகத்தில் எந்த மூலையில் என்ன நடந்தாலும், அதில் ஆதாயம் யாருக்கு, அடி யாருக்கு என்று பார்க்கச் சொல்லுவார். கலியாணமான புதிதில் இதைக் கேட்டு நான் கொட்டாவி விட்டிருக்கிறேன். பிறகு பிறகு, கூப்பன் கடை வரிசையில் நின்று கால் கடுக்கிறபோது, நானே அப்படித்தான் யோசிக்கிறேன் என்று கண்டு எனக்கே எரிச்சல் வந்தது.

பேசும்படங்களையும் சும்மா விடமாட்டார். கடைசி ரீலில் பணக்கார வில்லன் மனம் திருந்தி நிலத்தை எல்லாம் ஏழைகளுக்கு எழுதிக்கொடுக்கிற படம் ஒன்று வந்தது. நான் நன்றாக அழுதுவிட்டு வந்தேன். வருகிற வழியெல்லாம் இவர், பக்கத்து வயலூரான தம்பலகாமத்தில் அப்படி மனம் திருந்திய வயற்காரப் போடியார் ஒருவரைக் காட்டு பார்க்கலாம் என்று என்னை வம்புக்கு இழுத்தார். நிலம் கேட்டு வாங்க வேண்டியதை அழுது வாங்கலாம் என்று சனத்துக்குச் சொல்லிக்கொடுக்கிறான்கள் என்றார். எனக்கும் தெரியாமல் இல்லை. ஆனால் ஒரு கிழமை முழுக்க விமானச் சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டு இருக்கிறவளுக்கு, இருட்டில் இருந்து அழ ஒரு இடம் வேண்டாமா?

ஜப்பான்காரன் குண்டு போட்டு ஒரு வருஷம் ஆகியிருக்கவில்லை. அன்றைக்குச் சனமெல்லாம் விழுந்தடித்துக்கொண்டு காட்டுப் பக்கம் ஓடிய ஓட்டத்தில் நானும் வயிற்றுச் சுமையோடு ஓடினேன். தம்பலகாமத்தில் தெரிந்தவர்கள் வீட்டில்தான் என் மூத்த பிள்ளை பிறந்தது. டொக்யாட்டில் வேலைக்கு வரச் சொல்லி ஆள் விட்டபோது திரும்பி வந்தோம். ஊர் முழுக்கப் பட்டாளம். எந்த நாட்டுக்காரன் என்று தெரியாத ஆட்களெல்லாம் கடைத்தெருவில் இளநீர் குடித்துக்கொண்டு நின்றார்கள்.

எனக்குப் பயம் ஜப்பான்காரனில் மட்டும் இல்லை. டொக்யாட் பட்டறையில் வேலை செய்த ஒருவரை, துண்டுப்பிரசுரம் வைத்திருந்தார் என்று ஒரு நாள் விடிய வந்து கொண்டுபோனார்கள். வழக்கும் இல்லை, விளக்கமும் இல்லை. பாதுகாப்புச் சட்டம் என்றார்கள். அவருடைய மனைவி எந்தச் சிறை என்றுகூடத் தெரியாமல் மாதக்கணக்காகப் பொலிஸ் வாசலில் நின்றாள். கடைசியில் பிள்ளைகளையும் கொண்டு புல்மோட்டைப் பக்கம் தாய் வீட்டுக்குப் போய்விட்டாள். அவள் சாமான் ஏற்றிய வண்டி எங்கள் வாசலைக் கடந்துதான் போனது. அடுத்த வண்டி என்னுடையது என்று அன்றிலிருந்து எனக்கு ஒரு எண்ணம்.

இத்தனைக்கும் இவர் அந்த நேரத்தில் யுத்தத்துக்கு எதிரி இல்லை. முதலில் எதிராகத்தான் கதைத்தார். கொள்ளைக்காரர் இரண்டு பேர் பங்குக்கு அடிபடுகிறார்கள், நமக்கென்ன என்பார். ஜெர்மன்காரன் ரஷ்யாவுக்குள் போன அன்றைக்கு மனிதர் தலைகீழாய் மாறிவிட்டார். இது இனிச் சனங்களின் யுத்தம் என்றார். அப்படியென்றால் உங்கள் டொக்யாட் துரை இப்போது நம்முடைய ஆளா என்று நான் கேட்டேன். தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பிப் போனார். கேட்கக் கூடாத இடத்தில் கேட்டுவிட்டேன் போலிருக்கிறது.

ஆனால் பெட்டி மேல் ஏறிவிட்டால் அவரைப் போல ஆள் இல்லை என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். வொல்கா ஆற்றங்கரையில் ரஷ்யர்கள் ஒரு பட்டணத்தை வீடு வீடாக, அறை அறையாகக் காத்து நின்ற கதையை அவர் கோயிலில் பாரதம் படிக்கிறவர் மாதிரி ஞாயிறு ஞாயிறாகச் சொன்னார். எங்கள் பக்கத்து வீட்டு அக்கா, சொந்தமாய் வலையும் தோணியும் வைத்திருந்த கரைவலைச் சம்மாட்டி ஒருவரின் மனைவி, எழுத்து வாசனை இல்லாதவ, அந்தக் கதையில் அப்படியே மூழ்கிவிட்டா. ஒரு வெள்ளிக்கிழமை அம்மன் கோயிலுக்குப் போய் ரஷ்யாவின் பேருக்கு அர்ச்சனை செய்யச் சொல்லியிருக்கிறா. ஐயர் நட்சத்திரம் கேட்டாராம். தெரியாது, அங்கே பனி கொட்டுகிறது, மார்கழி மாதத்தில் பிறந்ததாக வைத்துக்கொள்ளுங்கள் என்றாவாம். பட்டணம் பிழைத்த செய்தி வந்தபோது, ஒரு தேங்காயும் உடைத்துவிட்டு எங்களுக்கும் ஒரு பாதி கொண்டுவந்து தந்தா. கடவுள் இல்லை என்கிற என் வீட்டுக்காரர் அந்தத் தேங்காயைச் சம்பலில் போட்டு நன்றாய்த்தான் சாப்பிட்டார்.

இதோடு நின்றிருந்தால் எனக்கு ஒரு கவலையும் இல்லை. நிற்கமாட்டார். இங்கிலாந்தின் பெரிய மந்திரி ஒருவர் படத்தில் வந்து, எல்லா நாட்டுக்கும் சுதந்திரத்துக்காகவே போராடுகிறோம் என்று முழங்குவார். இவர் அதை அப்படியே தமிழில் சொல்லிவிட்டு, தடியை இறக்கி, "எல்லா நாடும் எண்டவர். நாங்கள் அந்தக் கணக்கிலை இருக்கிறமோ எண்டு சொல்லேல்லை," என்று மெல்லச் சேர்ப்பார். கொட்டகை இடிந்து விழச் சிரிக்கும். நான் மட்டும் வாசலைப் பார்ப்பேன்.

ஏனென்றால் சிரிக்காத ஒருவர் வரத் தொடங்கியிருந்தார். பின்வரிசையில் ஒரு கதிரையில் தனியாக இருப்பார். எல்லாரும் வெறுங்காலோடும் செருப்போடும் வருகிற இடத்தில் அவர் காலில் மினுக்கிய சப்பாத்து. சி.ஐ.டி. என்று ஊருக்கே தெரியும். அவருக்கு மட்டும்தான் அது ஊருக்குத் தெரியும் என்பது தெரியாது. படம் தொடங்கி இருட்டான பிறகுதான் உள்ளே வருவார். பெட்டி மேல் நிற்கிறவருக்கு முகத்தில் திரை வெளிச்சம் அடிப்பதால் முன்வரிசைக்கு அங்கால் ஒன்றும் தெரியாது. எனக்குத் தெரியும். படங்குத் துணியில் ஒரு கிழிசல் இருந்தது. அதற்கு நேரே நான் இடம் பிடித்து இருப்பேன். படம் பார்த்ததைவிட வாசலைப் பார்த்ததுதான் அதிகம்.

ஒருநாள் சப்பாத்துக்காரர் வந்து இருக்கிற நேரம் பார்த்து என் பிள்ளை வீரிட்டு அழுதது. ஆண்கள் பக்கத்திலிருந்து ஏச்சு விழ, இவர் பேச்சை நிற்பாட்ட வேண்டி வந்தது. பிள்ளை அடங்கிய பிறகு தொடங்கியபோது, விட்ட இடத்தை மறந்து படத்தில் உள்ளதை மட்டும் சொல்லிவிட்டு இறங்கினார். அன்றைக்குத் தப்பியது தற்செயல். அடுத்த கிழமையிலிருந்து அதை நான் தற்செயலுக்கு விடவில்லை. பிள்ளை அழுதால் ஆள் வந்திருக்கிறார் என்று அர்த்தம், வாயைக் கட்டுங்கள் என்று சொல்லிவைத்தேன். இவர் சிரித்தார். ஆனால் ஒத்துக்கொண்டார்.

பிள்ளையை எப்படி நேரத்துக்கு அழவைப்பது என்று கேட்பீர்கள். தொடையில் ஒரு கிள்ளு. வேறென்ன? பிள்ளைக்குக் குளிக்க வார்க்கும்போது பக்கத்து வீட்டு அக்கா தொடை கன்றிப் போயிருந்ததைக் கண்டு இதென்ன என்று கேட்டா. நுளம்புக்கடி என்றேன். நுளம்புக்கு இவ்வளவு பெரிய கொடுக்கா என்று என் முகத்தைப் பார்த்தா. அதற்கு மேல் கேட்கவில்லை.

இப்படி மாதங்கள் ஓடின. பர்மா அரிசி முன்பே நின்று போயிருந்தது. கூப்பனுக்குக் கிடைக்கிற பிடி அரிசியோடு கோதுமை மாவும் மரவள்ளிக் கிழங்குமாக வயிற்றை ஏமாற்றினோம். அந்த நாட்களில்தான் கல்கத்தாப் பக்கத்திலிருந்து வந்த கப்பல் ஒன்றின் சாமானை இறக்க இவர் கணக்கெடுக்கப் போனார். கப்பலில் வேலை செய்த வங்காளத்துக் கலாசிகளோடு, அரைகுறை இங்கிலிஷும் கைப்பாசையுமாகக் கதைத்திருக்கிறார். வீட்டுக்கு வந்தவர் உடுப்புக்கூட மாற்றாமல் குசினி வாசலில் வந்து இருந்தார். நான் சோறு வடித்துக்கொண்டிருந்தேன்.

அங்கே சனம் தெருவில் செத்துக் கிடக்கிறது என்றார். பத்திரிகையில் ஒழுங்காய் ஒன்றும் வரவில்லையே என்றேன். வராது என்றார். பிறகு, "அதுகள் வீட்டு வாசல்லை வந்து சோறு கேக்கிறேல்லையாம். சோறு தரமாட்டினம் எண்டு தெரியுமாம். வடிச்ச கஞ்சித் தண்ணி தாங்கோ எண்டு கேக்குதுகளாம்," என்றார்.

என் கையில் பானை சரிந்தபடி இருந்தது. கஞ்சி சட்டிக்குள் விழுந்துகொண்டிருந்தது. அன்றைக்கு அவரும் சாப்பிடவில்லை, நானும் சாப்பிடவில்லை. ஆனால் நான் அப்போதே கேட்டேன், இதைப் பெட்டி மேல் ஏறிச் சொல்லமாட்டீர்கள்தானே என்று. எழும்பிப் போய் உடுப்பு மாற்றினார். மாட்டேன் என்று அவர் சொல்லாததுதான் எனக்குப் பயம்.

அடுத்த ஞாயிறு நான் போகாமல் விட்டிருக்கலாம். பிள்ளைக்கு இலேசாய்க் காய்ச்சலும் இருந்தது. போகாமல் வீட்டில் இருந்து பதறுவதைவிடக் கண் முன்னே வைத்துக்கொண்டு பதறுவது மேல் என்று போனேன்.

செய்திப்படத்தில் முதலில் தொப்பி போட்ட பெண்கள் பட்டாளத்துக்காரரோடு கைகோத்து ஆடினார்கள். எங்கள் பக்கத்தில் வெட்கச் சிரிப்பு. பிறகு ஒரு துறைமுகம் வந்தது. வரிசை வரிசையாகத் தானிய மூட்டைகள். கூலிகள் முதுகில் சுமந்துகொண்டு கப்பலில் ஏற, மேலே கொடி பறந்தது. எல்லாருடைய முகத்திலும் சிரிப்பு. அந்தப் படங்களில் மூட்டை தூக்குகிறவன்கூடச் சிரிப்பான். சாம்ராச்சியத்தின் களஞ்சியங்கள் போர்வீரருக்கு உணவளிக்கின்றன என்று இங்கிலிஷ்காரர் சொன்னதை இவர் தமிழில் சொன்னார். தடியை இறக்கினார். நான் கிழிசலால் பார்த்தேன். வாசல் சாக்கு விலகியது. ஒரு கீற்று வெயிலோடு சப்பாத்துக்காரர் உள்ளே வந்து கதிரையில் இருந்தார்.

கிள்ளினேன். காய்ச்சல் உடம்பு, பிள்ளை உயிர் போகிற மாதிரி வீரிட்டது. பிள்ளையை வெளியில் கொண்டு போகச் சொல்லி ஆண்கள் பக்கம் கத்தியது. இவர் நிறுத்தினார். எங்கள் பக்கம் திரும்பினார். திரை வெளிச்சத்தில் முகம் நன்றாய்த் தெரிந்தது. கேட்டுவிட்டது, விளங்கிவிட்டது என்று எனக்குத் தெரியும். அப்பாடா என்று நான் மூச்சு விடுகிறதற்குள் அவர் மறுபடி திரைப்பக்கம் திரும்பித் தொடங்கினார்.

"இது படத்திலை இல்லாதது. நான் சொல்லுறன், கேளுங்கோ. கடலுக்கு அங்காலை வங்காளத்திலை சனம் தெருவிலை செத்துக் கிடக்குது. மழை பெய்யாமல் வந்த பஞ்சம் இல்லை. அரிசி இருக்குது. பட்டாளத்துக்கு இருக்குது, பதுக்கிறவனுக்கு இருக்குது. உழைக்கிறவனுக்குத்தான் இல்லை. அதுகள் இண்டைக்குச் சோறு கேக்கேல்லை. கஞ்சித் தண்ணி கேக்குதுகள்."

நான் மறுபடி கிள்ளினேன். பிள்ளை கத்தக் கத்த அவர் தொண்டையை உயர்த்திக்கொண்டு போனார். அவருக்கும் பிள்ளைக்கும் போட்டி மாதிரி இருந்தது. மூன்றாம் தரம் கிள்ளக் கை போகவில்லை. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நானும் அழுதேன். அன்றைக்குப் புகையிலை இல்லை காரணம். சொந்தப் பிள்ளை இப்படிக் கத்துவதைக் கேட்டும் இந்த மனிதர் நிறுத்தவில்லையே என்று எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. வங்காளத்துப் பிள்ளை பிள்ளை, என் பிள்ளை என்ன? அப்படித்தான் அந்த நேரம் நினைத்தேன். பேசும்படம் தொடங்க முன்பே சப்பாத்துக்காரர் எழும்பிப் போய்விட்டார்.

திங்கட்கிழமை இவர் வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தபோது பொலிஸ்காரர் வந்தார்கள். அடிக்கவில்லை, இழுக்கவில்லை, மரியாதையாகத்தான் கூப்பிட்டார்கள். அது இன்னும் பயமாக இருந்தது. வாசல் படலைக்கு வெளியே போய்த் திரும்பி இவர், பிள்ளைக்குக் காய்ச்சல் எப்படி என்று கேட்டார்.

பிறகு ஒரு இன்ஸ்பெக்டர் எங்கள் கடற்கரைத் தெருவில் வீடு வீடாகப் போனார். சப்பாத்துக்காரர் பின்வரிசையில் இருந்தபடியால் வங்காளம் என்ற ஒரு சொல்லுக்கு மேல் சத்தியம் செய்து சொல்ல அவருக்கு ஒன்றும் அகப்படவில்லையாம். சாட்சி வேண்டியிருந்தது. முதலில் என்னிடம்தான் வந்தார். உங்கள் புருஷன் என்ன சொன்னார் என்று கேட்டார். பிள்ளை அழுதது, நான் பிள்ளையைப் பார்த்தேன் என்றேன். அடுத்த வீட்டுக்குப் போனார். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று நான் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். அக்காவுக்கு என்னோடு ஒரு பேச்சும் இல்லை, ஒரு ஏற்பாடும் இல்லை.

"அந்தப் பிள்ளை கத்தின கத்திலை எனக்குக் காதே அடைச்சுப் போச்சுது ஐயா. அவர் வாயை ஆட்டினதைக் கண்டனான். ஒரு சொல்லும் கேக்கேல்லை," என்றா அக்கா.

அடுத்த வீட்டிலும் அதே. அதற்கடுத்த வீட்டிலும் அதே. கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த ஆண்களிடம் கேட்டால் அவர்களும் பிள்ளையைத்தான் திட்டினார்கள். கொட்டகை முதலாளி, தான் வெளியில் காற்று வாங்கிக்கொண்டு நின்றதாகச் சொன்னார். அவ்வளவு சனத்தில் ஒருவர், காட்டிக்கொடுத்து நல்ல பேர் வாங்கலாம் என்று நினைத்திருந்தால், எங்கள் கதை முடிந்திருக்கும்.

எத்தனை நாள் அவரை வைத்திருந்தார்கள் என்று நான் எண்ணவில்லை. எண்ணினால் பைத்தியம் பிடிக்கும் என்று தெரியும். ஒரு பின்னேரம் படலை திறந்த சத்தம் கேட்டது. தாடியோடு நின்றார். எச்சரித்து விட்டிருந்தார்கள். இனிப் பெட்டி மேல் ஏறக் கூடாது. வேலை மட்டும் தப்பியது, டொக்யாட்டில் அவ்வளவு ஆள் தட்டுப்பாடு. எனக்குக் கால் நிலத்தில் பாவவில்லை. அம்மனுக்கு நேர்ந்த நேர்த்திகளை மனதுக்குள் ஒவ்வொன்றாய்ச் சொல்லிக்கொண்டேன். வண்டி பிடித்துத் தாய் வீட்டுக்குப் போக வேண்டியதில்லை.

ஆனால் வந்தவர் போன மாதிரி இல்லை. குளித்தார், சாப்பாட்டைப் பிசைந்தார், வாயில் வைக்கவில்லை. பிள்ளையைத் தூக்கினார், அதன் தொடையைப் பார்த்துவிட்டு இறக்கினார். பாயில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். வெயில் இன்னும் முற்றத்தில் கிடந்தது. நான் பக்கத்தில் இருந்து விசிறினேன். சுவரோடு கதைக்கிற மாதிரிச் சொன்னார்.

"இன்ஸ்பெக்டர் சிரிச்சவர். உன்னாலை ஒரு ஆபத்தும் இல்லை, போ எண்டவர். ஒரு சனத்துக்கும் ஒரு சொல்லும் கேக்கேல்லையாம். ஏன் வீணாய்த் தொண்டையைக் கிழிச்சனி எண்டு கேட்டவர்." பிறகு, "உண்மையாய் ஒருத்தருக்கும் கேக்கேல்லையே?" என்றார்.

அவர் குரலை நான் அப்படிக் கேட்டதில்லை. இவ்வளவு நாளும் நான் எதற்காகப் பயந்தேனோ, எதற்காகப் பிள்ளையின் தொடையைப் புண்ணாக்கினேனோ, அது இப்போது என் கையில் இருந்தது. ஓம், ஒருவருக்கும் கேட்கவில்லை என்று ஒரு சொல் போதும். இந்த மனிதர் இனி எந்தப் பெட்டியிலும் ஏறமாட்டார், வாயைத் திறக்கமாட்டார். நான் நிம்மதியாக நித்திரை கொள்ளலாம். சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அந்த முதுகைப் பார்த்தேன். வாய் வேறு ஒன்றைச் சொன்னது.

"இன்ஸ்பெக்டர் போன அண்டைக்கு, பக்கத்து வீட்டு அக்கா கிணத்தடியிலை அரிசி கழுவிக்கொண்டு நிண்டவ. என்னைக் கூப்பிட்டு, வங்காளம் எந்தப் பக்கம் எண்டு கேட்டவ."

விசிறி நின்றுவிட்டது.

"நீர் என்ன சொன்னீர்?"

"எனக்கென்ன தெரியும்? கடலுக்கு வடக்காலை எண்டு கையைக் காட்டினனான். அவ அந்தப் பக்கத்தையே கனநேரம் பாத்துக்கொண்டு நிண்டவ."

அவர் மெல்லத் திரும்பினார். பாயில் எழும்பி இருந்தார். தண்ணீர் கேட்டார். பிறகு சோற்றையும் கேட்டார். சாப்பிடச் சாப்பிட, அக்கா வேறு என்ன கேட்டா, வேறு யாரும் கேட்டார்களா என்று விசாரிக்கத் தொடங்கினார். கண்ணில் பழைய வெளிச்சம் வந்திருந்தது. அதைக் கண்டு எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. கூடவே, விட்டுப் போயிருந்த பழக்கத்தில் என் கண் மறுபடி வாசலுக்குப் போனது.